பூசணிக்காய் சாம்பாரும் கியர் ஆயிலும்

பழைய ஜீப் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. அந்த இரண்டாவது கம்பியைத் தொடாமல் இருக்க முடியாது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரணக் காரில் ஒரே ஒரு கியர் கம்பிதான். ஃபோர் வீல் ஜீப்பில் அதன் பக்கத்திலேயே குள்ளமாக இன்னொன்று நிற்கும். அதைத் தள்ளினால், அதுவரை பின்சக்கரத்துக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த இழுவை முன்சக்கரத்துக்கும் போகும். சேற்றிலும் மணலிலும் மாட்டிக்கொண்டால் போட வேண்டிய சமாசாரம் அது. ஆனால் வருஷத்தில் எத்தனை முறை சேற்றில் மாட்டுவோம்? (எங்கள் திருவண்ணாமலையில் சேறு கிடைப்பதே அபூர்வம்.) அதனால் கை அரித்துக்கொண்டே இருக்கும். அந்த அரிப்பால்தான் எனக்குக் கல்யாணம் நின்றுபோக இருந்தது. அதே அரிப்பால்தான் நடந்தது என்று நான் சொல்வேன். என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள்.

எனக்குத் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் பம்ப்செட் கடை. மோட்டாரையும் பைப்பையும் கிராமம் கிராமமாகக் கொண்டுபோக ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கினேன். அதன் பின்னால் மாட்டி இழுக்க, லேத் பட்டறையில் சொல்லி ஒரு ட்ரெய்லரும் செய்துகொண்டேன். ஆசிரமம் பக்கம் போனால் வெளிநாட்டுக்காரர்கள் அந்த ஜீப்பின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நான் தள்ளி நிற்பதுபோல் நடித்து, போட்டோவில் விழுகிற மாதிரி நிற்பேன். அம்மா மட்டும் அதை "காயலாங்கடை" என்றுதான் சொல்வாள். "காயலாங்கடையை எடுத்துக்கினு எங்கடா கிளம்பிட்ட?" என்று தெருவே கேட்கக் கேட்பாள்.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். நயினார் என்பார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். கட்டுப்பாடான வீடுகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். மண்ணுக்கடியில் விளைகிறது எதுவும் கிடையாது, வெங்காயம் கிடையாது, பூண்டு என்ற பேச்சே கிடையாது. எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான் என்பதால் பெண் கிடைப்பதும் கஷ்டம். ஜாதகம் பொருந்துகிற வீடாகப் பார்த்துப் போனால் பாதிப் பேர் பங்காளி முறை ஆகிவிடுவார்கள். மீதிப் பாதி பேர், பம்ப்செட் கடை என்றதும் "யோசிச்சுச் சொல்றோம்" என்பார்கள். அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியிருக்க ஆரணியில் ஒரு இடம் அமைந்தது. பெண் பெயர் பத்மா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா தரணேந்திர நயினார், அரிசி மண்டி வைத்திருந்தார். ஒரு கைப்பிடி அரிசியை மூக்கருகே கொண்டுபோனால் அது புதுசா பழசா, எந்த ஏரி நெல் என்று சொல்லிவிடுவாராம். பெண் பார்த்தாகிவிட்டது. எனக்குப் பிடித்திருந்தது. (எனக்குப் பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை. முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்ததாம்.) அவளுக்குப் பிடித்ததா என்பது மட்டும் தெரியவில்லை. கேட்டதற்கு, "அப்பா வீட்டைப் பாத்துட்டு வரட்டும்" என்று சொன்னாளாம்.

ஆக அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வர வேண்டும். வந்து கை நனைத்தால் சம்பந்தம் உறுதி. சாப்பிடாமல் கிளம்பிவிட்டால், பேச்சு அதோடு முடிந்தது என்று அர்த்தம். இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. மறுநாள் அவர்கள் வந்தவாசியில் வேறொரு பையன் வீட்டைப் பார்ப்பதாக இருந்தார்கள். பையனுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை.

வேங்கிக்காலில் கட்டிய புது வீட்டைத்தான் காட்ட வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். ஆனால் அந்த வீட்டுக்கு இன்னும் கேஸ் இணைப்பு வரவில்லை. அதனால் போளூர் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில் சித்தப்பா சமைப்பது, அவர்கள் முதலில் கிராமத்துக்கு வந்து ஜினாலயத்தில் சேவித்துக்கொள்வது, பிறகு எல்லோரும் சாப்பாட்டோடு வேங்கிக்கால் போய் வெயில் இருக்கும்போதே பந்தி போடுவது என்று ஏற்பாடு. அப்பா காலமாகிவிட்டதால் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் முன்நின்றவர் சித்தப்பாதான். முந்தின நாள் சதுர்த்தசி, பெரியவர்கள் உபவாசம். அதனால் மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்று குறித்துவிட்டோம். சதுர்த்தசிக்கு மறுநாள் பௌர்ணமி என்பது குழந்தைக்கும் தெரியும். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தால் திருவண்ணாமலைச் சாலை எப்படி இருக்கும் என்பதும் தெரியும். மாதாமாதம் வருகிற பௌர்ணமியை மறந்துபோன குடும்பம் இந்த ஜில்லாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அவர்கள் வேன் பஸ்களுக்கு நடுவில் ஊர்ந்து வந்து சேரும்போதே சாயங்காலம் ஆகிவிட்டது. சேவித்துவிட்டு உடனே கிளம்பினோம். ட்ரெய்லரை அம்மா மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி வைத்திருந்தாள். அதில் சோற்று அண்டா, பூசணிக்காய் சாம்பார், புடலங்காய் கூட்டு, வாழைக்காய் வறுவல், பாசிப்பருப்புப் பாயசம், வடிகட்டிய தண்ணீர்க் குடங்கள், வாழை இலைக் கட்டு. முன்னால் நான் ஜீப்பில், பக்கத்தில் சித்தப்பா. பின்னால் அவர்கள் வேன். அம்மா அந்த வேனில் ஏறிக்கொண்டு வழியெல்லாம் என் அருமை பெருமைகளைச் சொல்வதாக இருந்தாள்.

தெருவே நின்று பார்த்தது. வேனின் முன் சீட்டிலிருந்து பத்மாவும் பார்த்தாள். அந்த நேரத்தில் ஒரு சாதாரண மனிதனைப் போல முதல் கியரைப் போட்டுக் கிளம்ப என் மனசு ஒப்பவில்லை. டடக் என்று சின்னக் கம்பியைத் தள்ளினேன்.

"அது எதுக்குடா?" என்றார் சித்தப்பா.

"பாரம் ஜாஸ்தி சித்தப்பா. நாலு சக்கரமும் இழுத்தா அலுங்காம போகும். பல்லக்க ரெண்டு பேர் தூக்கறதவிட நாலு பேர் தூக்கறது தேவல இல்ல?"

கேட்பதற்கு என்ன அழகாக இருக்கிறது! இதைவிட அழகாக நான் எந்தத் தப்பையும் விளக்கியதில்லை. விஷயம் என்னவென்றால், வண்டி திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேற்றில் சக்கரம் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்காது. முன்சக்கரமும் பின்சக்கரமும் பங்காளிகளாகி ஒன்றை ஒன்று இழுக்கும். சண்டை சக்கரங்களுக்குள், நடுவில் மாட்டிக்கொண்டு வேகிறது கியர்பாக்ஸ். பின்னால் ஒரு கல்யாணச் சாப்பாட்டையும் கட்டி இழுத்தால் கேட்கவே வேண்டாம்.

சாலையெல்லாம் ஸ்பெஷல் பஸ். நகர்வதும் நிற்பதுமாகப் போனோம். ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. ரோட்டை என்னமாகப் பிடிக்கிறது என்று நான் பூரித்துப்போனேன்.

"ஏன்டா, காலு சுடுதே" என்றார் சித்தப்பா.

"டீசல் வண்டின்னா சூடு இருக்கத்தான் செய்யும் சித்தப்பா."

"அடுப்புகிட்டகூட இவ்ளோ சுடல."

கொஞ்ச தூரத்தில் ஒரு வாசனை கிளம்பியது. சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். ட்ரெய்லரைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி உறிஞ்சினார். அவர் முகம் வெளுத்துப்போனது. அதற்குள் பின்னால் வேன் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. ஓரம் கட்டி இறங்கினால், ஜீப்புக்கு அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அது என்ன வாசனை என்று அப்போதே எனக்குத் தெரியும். கியர்பாக்ஸில் ஊற்றுகிற ஆயிலில் ஏதோ கந்தகச் சரக்கு சேர்ப்பார்கள். அது காய்ந்து பொங்கி வழிந்து புகைக்குழாய் மேல் சொட்டினால், அசல் பூண்டு வதக்குகிற நாற்றம் வரும். உலகத்தில் எத்தனையோ ஜாதி எத்தனையோ மதம் இருக்க, வண்டி ரிப்பேரானால் பூண்டு நாறக்கூடாத ஒரே சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு நான் போயிருக்கிறேன்.

தரணேந்திரர் வேனிலிருந்து இறங்கினார். பட்டு அங்கவஸ்திரம், சலவை வேட்டி. அவர் மனைவி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வேனிலேயே இருந்தார். அம்மா அந்த வேனுக்குள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பதை இன்றுவரை சொல்ல மறுக்கிறாள்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. சாம்பார்ல பூண்டு போட்டீங்களா?" என்று தரணேந்திரர் என்னிடம் கேட்டார்.

சித்தப்பா துடித்துவிட்டார். "இன்னாங்க இப்படிக் கேட்டுட்டீங்க? நான் பூண்ட கையால தொட்டதில்லைங்க. கடையில பாத்தாகூட அந்தப் பக்கம் போமாட்டேன்!"

"அப்ப இது இன்னா வாசனை? அரை மணியா வேன்ல உக்கார முடியல. வீட்டம்மாவுக்கு உமட்டுது."

"மாமா, அது கியர் ஆயிலுங்க" என்றேன். (பதற்றத்தில் மாமா என்றே கூப்பிட்டுவிட்டேன்.) "சூடானா பூண்டு மாதிரி நாறும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டிக்கு ஆயிலு ஊத்துவாங்க. நீங்க பூண்டு ரசமா வெச்சு ஊத்துறீங்க?"

சித்தப்பா ஓடிப்போய் சாம்பார் மூடியைத் திறந்து காட்டினார். தரணேந்திரர் குனிந்து முகர்ந்தார். அந்த இடத்தில் காற்றே பூண்டாக இருந்ததால் சாம்பாரும் பூண்டாகத்தான் மணந்தது. பாயசம் பூண்டு. குடத்துத் தண்ணீர் பூண்டு. கியர்பாக்ஸ் சூட்டால் என் கல்யாணம் வெந்துகொண்டிருப்பதை நான் கண்ணாலேயே பார்த்தேன். மனசுக்குள் அந்த பெங்களூர்க்காரன் சிரித்தான்.

"நீங்களே கீழ பாத்துடுங்க மாமா" என்றேன். வேறு வழி தெரியவில்லை.

அவர் துணிந்துவிட்டார். அங்கவஸ்திரத்தை மடித்து டிரைவர் கையில் கொடுத்தார். வேட்டியை வரிந்து கட்டினார். ஆரணி மண்டியின் பெரிய மனிதர் நடு ரோட்டோரம் மல்லாந்து படுத்து ஜீப்புக்கு அடியில் நகர்ந்து போனார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஊர்ந்துபோன பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

அடியிலிருந்து குரல் வந்தது. "பூண்டுதான்!"

சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா வண்டிலேந்துதான் வருது!"

வெளியே வந்தபோது அவர் நெற்றியில் ஒரு சொட்டு கறுப்பு ஆயில், திருஷ்டிப் பொட்டு மாதிரி. யாருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை. அதற்குள் பத்மா இறங்கி வந்து ஜீப்புக்குள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்.

"இந்தச் சின்னக் கம்பில ரெண்டுன்னும் நாலுன்னும் போட்டிருக்கு. இது நாலுல இருக்கே. தார் ரோட்டுல நாலு எதுக்குங்க?"

"பவருக்கு."

"பவரு எதுக்கு? சாம்பாருக்கா?"

கம்பியை இரண்டுக்கு இழுத்தேன். வரவில்லை. முறுக்கேறிச் சிக்கியிருந்தது. கொஞ்சம் பின்னால் எடுத்தால் முறுக்கு விட்டுப்போகும் என்று மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வந்தது. பின்னால் எடுத்தேன். ட்ரெய்லரை வைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பது தனிக் கலை. நாம் இடப்பக்கம் ஒடித்தால் அது வலப்பக்கம் போகும். என் ட்ரெய்லர் மடங்கிச் சாலைக்குக் குறுக்கே போய் நின்றது. போளூர் சாலையே நின்றது. பௌர்ணமி பஸ்கள் ஒரே குரலில் ஹாரன் அடித்தன.

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதாப்பா?" என்று ஒரு பஸ் டிரைவர் கத்தினார்.

"எனக்குத் தெரியுங்க. ட்ரெய்லருக்குத்தான் தெரியல!"

பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். கிரிவலம் போகிறவர்களுக்கு எதையும் சுற்றிப்போய்ப் பழக்கம்; அன்றைக்கு ட்ரெய்லரைக் கழற்றி, "அரோகரா" என்று ஒரு சத்தம் போட்டு, சாம்பார் சிந்தாமல் பக்கத்து நெல் களத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பியும் டக்கென்று இரண்டுக்கு வந்தது. சித்தப்பா ஒரு குடம் தண்ணீரோடு கியர்பாக்ஸை நோக்கி ஓடி வந்தார். பாய்ந்து தடுத்தேன்.

"சுட்ட கல்சட்டில பச்சத் தண்ணி ஊத்துவீங்களா சித்தப்பா? விரிசல் விட்டுடும். தானா ஆறணும்."

"எப்ப ஆறும்?"

நல்ல கேள்வி. தொட முடியாத சூடு. அவசரப்பட்டு எடுத்தால் உள்ளே பல்சக்கரமெல்லாம் போய்விடும். குறைந்தது ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். மேற்கே பார்த்தோம். பொழுது அண்ணாமலையின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேனிலேயே எல்லோரையும் அழைத்துப்போகலாம் என்றால், அண்டாவை ஏற்ற இடமில்லை, சாலையும் நகரவில்லை.

"இங்கயே இலை போட்டுடலாங்க" என்றார் சித்தப்பா.

தரணேந்திரர் தயங்கினார். "மாப்பிள்ளை வீட்ல கை நனைக்கிறதுதான முறை. சரி, சோறு உங்க அடுப்புல வெந்தது. அதுகூடப் பரவால்ல. ஆனா பொழுது போயிடுச்சே."

பார்த்தால், சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. களத்தில் நிழல் விழுந்துவிட்டது.

"அது மலைங்க!" என்றார் சித்தப்பா. "மலை மறைச்சா அஸ்தமனம் ஆயிடுமா? மலைக்கு அந்தாண்ட இன்னும் வெயிலு அடிக்குது."

"கண்ணுக்குத் தெரியலையே."

"எங்க ஊர்ல நாங்க காலங்காலமா மலைகூட இருக்கறோம். உங்க ஆரணில மலை கிடையாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு பெரியவர்களும் சூரியன் எங்கே இருக்கிறது என்று வாதாடினார்கள். வாதம் முடிவதற்குள் சூரியன் நிஜமாகவே போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அப்போதுதான் பத்மா போனை எடுத்தாள். செங்கத்தில் அவளோடு படித்த ஒரு தோழி இருந்தாள். செங்கம் மலைக்கு அந்தப் பக்கம். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏ, உங்க வீட்டாண்ட வெயிலு இருக்கா?"

"இன்னாடி கேள்வி இது? இருக்கு. மாடில துணி காயுது."

"நல்லா பாத்துச் சொல்லு."

"கண்ணு கூசுதுடி. எதுக்குக் கேக்கற?"

"அப்புறம் சொல்றேன்" என்று பத்மா போனை வைத்தாள். அப்பாவைப் பார்த்து, "உக்காருங்கப்பா, வெயில் இருக்கும்போதே சாப்ட்டுடலாம்" என்றாள்.

எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. பிடிக்காத மாப்பிள்ளைக்காக ஒரு பெண் செங்கத்துச் சூரியனை சாட்சிக்குக் கூப்பிட மாட்டாள். அதுவரை எனக்கு அவள் மனசு தெரியாது. அந்த நொடியில் தெரிந்துவிட்டது. தரணேந்திரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் மகளைப் பார்த்துவிட்டுக் களத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மா இலை போட்டாள். அவர் தண்ணீர் தெளித்து, கையை நனைத்து, முதல் கவளத்தை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் முகர்ந்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார்.

"அரிசி நல்ல அரிசி. சாம்பாரும் அருமை, மாப்ள" என்றார்.

தம்பி மாப்பிள்ளை ஆகிவிட்டான்.

ட்ரெய்லர் தள்ளியவர்களை அனுப்பிவிடவா முடியும்? அவர்களுக்கும் இலை போட்டோம். பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள் அன்னதானம் என்று நினைத்து இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். சாப்பிட்டு எழுந்த தரணேந்திரர் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு, நெற்றியில் ஆயில் பொட்டோடு, "சாமி, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று பரிமாறினார். அண்டா காலியானபோது கியர்பாக்ஸும் ஆறியிருந்தது. சின்னக் கம்பியைத் தொடாமல், தாழ்ந்த கியரில், நிதானமாக வேங்கிக்கால் போய்ச் சேர்ந்தோம். இருட்டில் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இன்றைக்கு இந்தப் பக்கத்தில் ஜீப்பில் ட்ரெய்லர் கட்டி இழுக்கிறவர்கள் எல்லோரும் என்னிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள். தார் ரோட்டில் நாலு போடாதே, பாரம் இருந்தால் பெரிய கியரில் முக்க விடாதே, ஆயில் அளவைப் பார், பூண்டு நாறினால் உடனே நிறுத்து, தண்ணீர் ஊற்றாதே. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன். உள்ளே இருந்து பத்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்கும். வீட்டில் நான் எதற்காவது அளவுக்கு மீறி அலட்டிக்கொண்டால் என் மகள்கூட, "அப்பா, தார் ரோடுப்பா" என்கிறாள்.

கல்யாணம் ஆரணியில் நடந்தது. பெண் வீட்டார் சீர்வரிசைத் தட்டுகளை வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். பழத்தட்டு, பூத்தட்டு, பட்டுத்தட்டு. கடைசித் தட்டை என் மாமனாரே தூக்கி வந்தார். அதில் வெற்றிலை பாக்குக்கு நடுவில், சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு டப்பா கியர் ஆயில் இருந்தது. பந்தலே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. யாரோ ஒரு பெரியவர், "இன்னாங்க இது, சீர்ல போயி ஆயிலு?" என்று கேட்டார்.

மாமனார் சிரிக்கவில்லை. தட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே என் பொண்ணு போற வண்டிங்க அது. அதுக்கு நான் செய்யாம யாரு செய்வா?"